மிளகு சேர்த்த மஞ்சள்

— மஞ்சள் கேப்சூல் இன்னும் ரெண்டு அட்டை குடுங்க, சுல்தான் பாய்.

— போன வாரந்தானம்மா வாங்கிட்டுப் போன, வேல்விழி? அதுக்குள்ளயா தீந்துருச்சு?

— ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்தேன். மிளகையும் பொடிச்சு நெய்யில கொழைச்சு ஊட்டுறேன். மஞ்சள் தனியாப் போனா ஒடம்புல சேராது, வீணாப் போகும்னு நீங்கதானே சொன்னீக.

— ஆமா, மிளகும் நெய்யும் சேந்தாத்தான் ரத்தத்துல ஏறும். ஒன் வீட்டுக்காரரு பாண்டிராஜுக்கு மொழங்கால் வீக்கம் வத்துச்சா?

— வீக்கம் வத்திருச்சு பாய். மனுசன்தான் தேறல. நடந்தா தள்ளாடுறாக. சோத்த எடுத்தா வாய்க்குப் போகாம கன்னத்துல அப்புது. பேச்சு கொளறுது. திருத்தங்கல் பஸ்ஸுல ஏறுனா, காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டான்னு சிரிக்காக. எனக்கு உசுரோட இருக்கவே பிடிக்கல பாய்.

— பொறு பொறு. கண்ணு எப்பிடி?

— எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்கிறாக.

— வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறாரா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா.

— வெளிய சொல்லிராதீக, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். வலிப்பு மாத்திரை. விருதுநகர் போயி வாங்குறோம். இங்கன வாங்குனா யாராச்சும் பாத்து கம்பெனியில சொல்லிருவாக. வலிப்புக்காரனப் பட்டாசுக் கம்பெனிக்குள்ள விடுவாகளா?

— யா அல்லா! இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இந்தக் கேப்சூலக் கண்ணுலயே காட்டியிருக்க மாட்டேனே!

— ஏன் பாய்? என்ன ஆச்சு?

— மிளகு மஞ்சள மட்டுமா ஏத்தும்? அந்த மாத்திரையவும் சேத்துல்ல ஏத்திவிட்டுருக்கு! ஒண்ணு முழுங்குனா ரெண்டு மூணு முழுங்குன மாதிரி வேலை செய்யும். தள்ளாட்டமும் கொளறலும் அதனாலதான் இருக்கும்.

— அப்ப நானா? என் கையாலயா? வலிப்பே வரலன்னு மாரியாத்தாளுக்கு இருக்கன்குடியில மாவிளக்கு வேற போட்டேனே பாய்!

— அழாத தாயி. சரி பண்ணிரலாம். மஞ்சளையும் மிளகையும் இப்பவே நிப்பாட்டு. வலிப்பு மாத்திரைய மட்டும் நீயா நிப்பாட்டிராத, அது டாக்டர்தான் சொல்லணும். ஆட்டோ நான் பிடிச்சுத் தாரேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வீட்டுலதான படுத்துருக்காரு?

— இல்ல. வேலைக்குப் போயிருக்காக.

— இந்தத் தள்ளாட்டத்தோடயா! போனப் போட்டு ஒடனே வெளிய வரச் சொல்லு.

— செல்போன கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சுக்கிருவாக பாய்.

— சரி, கூட இருக்குற ஆளுக பாத்துக்கிற மாட்டாகளா? பேக்கிங் ஷெட்டுலதான உக்காந்துருக்காரு?

— அங்கன அம்புட்டுப் பேரு இருக்காக, கை நடுக்கத்தக் கண்டுபிடிச்சிருவாகன்னு, போர்மேன் கால்ல விழுந்து வேற எடம் கேட்டேன் பாய். இப்ப அவுக ஒத்தையில நின்னு வெடிமருந்து கலக்கிக்கிட்டு இருக்காக.