ஸ்விட்ச்சில் கொட்டாத டீ

துறைமுகத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றில் கணினிப் பிரிவுத் தலைவராக இருந்தபோது நான் ஒரு பொய் எழுதினேன். கிடங்கின் கணினிகளையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள் என்று வந்த அறிவிப்பை நான் தள்ளிப்போட்டிருந்தேன். ஒருநாள் ஸ்விட்ச் முடங்கி, லாரிகளெல்லாம் வாசலில் நின்றுவிட்டன. டெக்னீஷியன் செல்வின் அதன்மேல் டீயைக் கொட்டிவிட்டார் என்று அறிக்கை கொடுத்தேன். அவருக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து அந்த அறைக்குள் டீ கொண்டுபோகத் தடை.

போன மாதம் மில்லர்புரம் பஸ்ஸில், அதே கிடங்கின் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏளா, இன்னைக்கு நம்ம ஸ்விட்ச் டீ குடிக்காமலே படுத்துட்டு!"

"என்னளா சொல்லுத?"

"தப்பான டேட்டா பாக்கெட் ஒண்ணு வந்தா போதும், தானா ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கு. அதோட பழைய லாக் பதிவைத் தோண்டுனேன். செல்வின் அண்ணாச்சி காலத்துலயும் இதே கோளாறுதான்."

"அப்ப அவரு டீ கொட்டுனது?"

"டீ குடிச்ச ஸ்விட்ச் பத்து தடவ எந்திரிச்சு உக்காருமாக்கும்? எவனோ நல்லா கதை கட்டிருக்கான்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நிர்வாகத்துக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். நகலை எடுத்துக்கொண்டு செல்வின் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்றே படித்தார்.

"இதை எங்கிட்ட எதுக்கு சார் காட்டுதீங்க? எனக்குத்தான் தெரியுமே. உள்ள வந்து என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க அன்னைக்குச் சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்" என்றார்.

செல்வின் சிரித்தார். "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லு. சார் சாட்சிக்கு இருக்காருல்லா."