நோ-க்ளீன்

நான் எழுதிய உதவிக் குறிப்பை ஒருவன் முழுவதும் படித்திருக்கிறான் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதிய நானே அதை இரண்டாம் முறை படித்ததில்லை. படித்தவன் என் மனைவியின் தங்கை கணவன், என் சகலை. அவனை இந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் எழுதும் நிரல்களைப் பதிப்பு பதிப்பாக, பெயரும் தேதியுமாகச் சேமித்து வைக்கும் கருவி என் கைவேலை. ஒன்பது வருடமாக அதைச் சொல்லியே உறவுக்காரர்களின் உயிரை வாங்கியிருக்கிறேன். ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ‘க்ளீன்’ என்று சேர்த்தால், இன்னும் சேமிக்காத கோப்புகளை அது துடைத்துவிடும். ‘நோ-க்ளீன்’ என்றால் தொடாது. ஒன்றும் சொல்லாவிட்டாலும் தொடாது. அதனால் நோ-க்ளீன் என்று அடிக்க யாருக்கும் அவசியமே வந்ததில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடிக்கக்கூடியவன் அலுவலகத்திலேயே ஒருவன்தான்.

அவன் அடித்தான். நாற்பது நாள் வேலை போயிற்று. முழுதாக முடித்த பிறகே சேமிப்பது அவன் வழக்கம். அவன் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

“சகலை, சத்தியமா நோ-க்ளீன்னுதான் போட்டேன்.”

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “நீங்க எழுதினது. நீங்களே சொல்லுங்க, அப்படி நடக்குமா?”

“சரியா அடிச்சிருந்தா நடக்காது சார்,” என்றேன்.

அப்போது எனக்குத் தெரியாது. இருக்கைக்கு வந்து பார்த்ததும் தெரிந்தது. கருவிக்குள் ‘நோ’வைக் கத்தரித்து ஓரமாக வைத்த மகாமேதை, அதாவது நான், வைத்ததையே மறந்திருக்கிறேன். மீதி ‘க்ளீன்’தான் வேலை செய்திருக்கிறது. ஒரு வரியில் சரிசெய்தேன். தேநீர்கூட ஆறவில்லை.

சரிசெய்த வரிக்கும் தேதி உண்டல்லவா? சம்பவத்துக்கு மறுநாள் தேதியோடு அது நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் நான்கு மாதம் முன்னால் செய்த ஒரு திருத்தத்துக்குள் அதைச் செருகினேன். அந்தத் திருத்தத்தின் பெயர் ‘எழுத்துப்பிழைகள்’. கருவியை எழுதியவனுக்கு இதெல்லாம் கைவந்த கலை. மேலாளர் முன்னால் அவனையே மறுபடி அடிக்கச் சொன்னேன். எதுவும் அழியவில்லை. அவன் திரையையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த வெள்ளிக்கிழமையே அவனை அனுப்பிவிட்டார்கள்.

மேலாளரிடம் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பதினெட்டு அடி தூரம். ஆனால் ஒன்பது வருடம் அடித்த ஜம்பத்தைச் சுமந்துகொண்டு பதினெட்டு அடி நடப்பது கஷ்டம். முகத்தில் கரி பூசிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

இப்போது அவன் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறானாம். கொழுந்தியாள் சொன்னாள்: “மாமா, கேஸை அணைச்சேனான்னு குழந்தையைக் கேக்குறாரு.” வேலைக்கு விண்ணப்பம் எழுதினால் தன் பெயரின் எழுத்துகளை என்னிடம் காட்டிச் சரிபார்க்கிறான். “என் கண்ணை நம்ப முடியல சகலை, நீங்க பாத்தாதான் நிம்மதி.”

விசாரிக்க வந்த நீங்கள், சம்பவத்துக்கு முந்தைய வாரத்துக் காப்புப் பிரதி ஒன்று கிடைத்துவிட்டது என்கிறீர்கள். அதில் ‘எழுத்துப்பிழைகள்’ திருத்தம் இருக்கிறது, அந்த வரி மட்டும் இல்லை என்கிறீர்கள். இருக்காது. பிழை என்னுடையது, பொய்யும் என்னுடையது, தேதியை மாற்றியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவனிடம் இதைச் சொல்லாதீர்கள். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் பாவம், என் ஒருவனையாவது முழுசாக நம்புகிறான். அதையும் பறித்துவிட எனக்கு மனசு வரவில்லை.