நாலு வரிசை

தங்கை: ஒண்ணுமே தெரியலையேக்கா. ஒரே இருட்டு.

அக்கா: மைக்ரோஸ்கோப்புல ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டா பாப்பாங்க? நீ என்ன துப்பாக்கியா சுடுற? ரெண்டையும் திற.

தங்கை: ஆ... பச்சையா... வரிசை வரிசையா...

அக்கா: நாலு வரிசை. எலிக்குட்டியோட உள்காது. மயிர்ச் செல்னு சொல்லுவோம். சத்தத்தை வாங்கறதே அதுதான்.

தங்கை: மனுஷக் குழந்தைக்கு இது எப்ப வரும்?

அக்கா: வயித்துலயே. மூணாம் மாசம் போல ஒரு ஜீன் விழிச்சுக்கும். அது விழிச்சாதான் இந்த செல்லே உருவாகும். அப்புறம் ஒண்ணொண்ணா மத்த ஜீனும் வேலையில இறங்கும். நடுவுல ஒண்ணு கெட்டாலும்...

தங்கை: எனக்கு ஊசி போட்டதும் மூணாம் மாசம்தான்.

அக்கா: ஆரம்பிச்சுட்டியா? அது சாதாரண காய்ச்சல் ஊசிடி.

தங்கை: உனக்கென்ன, சொல்லுவ. அவர் தினமும் பாப்பாவுக்குப் பின்னால நின்னு கை தட்டறார்க்கா. அவளுக்குப் பத்து மாசமாச்சு... திரும்பவே மாட்டேங்குறா. அப்புறம் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறார். இப்பவும் கீழ அவளை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். நான் போய் என்ன சொல்லட்டும்?

அக்கா: பாப்பாவோட ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சு. ஊசி இல்லை. ஜீன்தான். உன்கிட்டேருந்து ஒண்ணு, மாப்பிள்ளைகிட்டேருந்து ஒண்ணு.

தங்கை: அவருக்குமா?

அக்கா: ஆமா. ஒண்ணு கெட்டிருந்தா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். அதான் உங்க ரெண்டு பேருக்கும் நல்லாக் கேக்குது. அவளுக்கு ரெண்டுமே கெட்டதா...

தங்கை: ஐயோ...

அக்கா: அழாத. இன்னும் ஒண்ணு இருக்கு. திட்டறதுன்னா திட்டு, ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டு. ஒப்பிட்டுப் பாக்க நல்ல காது உள்ளவங்க ரத்தம் வேணும்னு இந்த லேப்ல எல்லாரும் குடுத்தோம். என்னுதுல இதே கோளாறு இருந்துச்சு. உனக்கும் இருக்கலாம்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்.

தங்கை: எப்ப?

அக்கா: உன் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. உனக்கு இருக்க வாய்ப்பே பாதிக்குப் பாதி. மாப்பிள்ளைக்கும் இருக்கணுமே, அது எங்க நடக்கப்போகுதுன்னு... நல்ல காரியத்துல நான் ஏன் மண்ணை அள்ளிப் போடணும்னு விட்டுட்டேன்டி. பொழுது விடிஞ்சா இதையே பாக்கறவ நான். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலை. பாவிடி நான். ஏதாவது பேசேன்.

தங்கை: உன் பீரோவுல துணி எடுக்கப் போனப்ப உன்னோட அந்த ரத்த ரிப்போர்ட்டைப் படிச்சேன்க்கா. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்... நீ சொல்லலை. நானும் அவர்கிட்ட சொல்லலை. ஊசியாலதான்னு நான் கட்டிவிட்ட கதையை அவர் இன்னும் நம்பிட்டிருக்கார்.