திருப்பிப் போட்ட சக்கரம்

— பாக்கெட்ல என்னடா கலகலங்குது?

— ஒண்ணும் இல்லக்கா. சில்லறை.

— சில்லறை சத்தம் எனக்குத் தெரியாதா? எடுத்து இந்த மேஜை மேல வை.

— சைக்கிளே கிளம்பிப் போயாச்சு. கடையைப் பூட்டிட்டுக் கிளம்பாம, இப்பப் போய் போலீஸ்காரி மாதிரி...

— வைன்னு சொன்னேன்.

— இந்தா. வச்சாச்சு. போதுமா?

— என்ன இது?

— கோன். சக்கரத்து அச்சுல மாட்டறது.

— யாரு வாங்கினது?

— நீ.

— நேத்து சாயங்காலம் இதை எங்க போட்டேன்?

— அக்கா, கேளு, கேளு, முதல்ல நான் சொல்றதைக் கேளு.

— எங்கடா போட்டேன்?

— அப்பா சைக்கிள்ல. முன் சக்கரத்துல.

— இப்ப என் பொண்ணு அந்தச் சைக்கிளைத் தானே ஓட்டிட்டுப் போறா? இது இங்க இருக்குன்னா, அந்தச் சக்கரத்துல என்ன இருக்கு?

— பழைய கோன் தான். ஏற்கனவே இருந்தது. ஒண்ணும் ஆகாதுக்கா.

— ஒண்ணும் ஆகாதா? உன் கண்ணு முன்னாடி தானே கழட்டினேன்? பேரிங் பால்ஸ் அது மேல ஓடி ஓடி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்துச்சு. விரலால தடவிப் பாருன்னு உன் கையில குடுத்தேனே. அப்படியே குப்பையில போடுன்னு சொன்னேனே!

— எனக்கு மனசு வரல.

— மனசு வரலன்னா பீரோல வச்சுப் பூட்டிக்கோ. சக்கரத்துல எதுக்குடா வச்ச?

— இந்தப் பழைய சைக்கிள் போட்டியில நடுவருங்க சக்கரத்தைக் கழட்டியே பாப்பாங்களாம்க்கா. போன தடவை ஒருத்தர் சைக்கிள்ல அச்சு புதுசுன்னு கண்டுபிடிச்சு ஓரமா நிறுத்திட்டாங்க. எல்லாம் அந்தக் காலத்துதாவே இருந்தா தான் முதல் பரிசு. நீ பாட்டுக்குப் பளபளன்னு புதுசைப் போட்டு வச்சிட்ட.

— ஓகோ. பரிசு. கடைச் சாவி யாரு குடுத்தா?

— மாமா தான். துடைக்கிற துணியை விட்டுட்டேன்னு சொன்னேன். நீ குளிச்சிட்டிருந்த.

— அந்த மனுஷனை அப்புறம் கவனிச்சுக்கறேன். போனை எடு. அவளைக் கூப்பிடு.

— ஓட்டிட்டிருக்கும்போது கூப்பிட்டா தடுமாறிடுவாக்கா.

— முதல்ல அவ நிக்கணும். கூப்பிடுடா. ஸ்பீக்கர்ல போடு.

— மணி அடிக்குது... எடுக்கல.

— திரும்பப் போடு.

— பையில வச்சிருப்பா. அக்கா, நீ ரொம்ப பயப்படற. குழி விழுந்த கோன்னா கொஞ்சம் கரகரங்கும், சக்கரம் லேசா ஆடும், அவ்வளவு தானே? இத்தனை வருஷம் ஓடினது இன்னைக்கு ஒரு நாள் ஓடாதா? நானும் இந்தக் கடையில வளந்தவன் தான்.

— இந்தக் கடையில பல்லியும் தான் வளருது. கோனை எப்படி இறுக்கின?

— நீ இறுக்கற மாதிரி தான். கையால சுத்தி, ஆட்டம் இல்லாம பாத்து, அப்புறம் சக்கரத்தை மாட்டினேன்.

— மாட்டினது எந்தப் பக்கமா?

— அதெல்லாம் சரியாத்தான் மாட்டினேன். பேர் நல்லாத் தெரியற மாதிரி.

— பேரா? என்ன பேரு?

— சக்கரத்து நடுவுல, ஹப் மேல கம்பெனிப் பேரு பொறிச்சிருக்குல்ல? நீ மாட்டியிருந்ததுல வலது பக்கம் இருந்து பாத்தா அது தலைகீழாத் தெரியுது. நடுவருங்க உக்காந்திருக்கறது இறக்கத்துக்குக் கீழ, வலது பக்கம். அதான் சக்கரத்தை அப்படியே திருப்பிப் போட்டேன். எவ்வளவு எடுப்பா இருந்துச்சு தெரியுமா? ...அக்கா? ஏன்க்கா அப்படிப் பாக்கற?

— திருப்பிப் போட்டியா.

— சக்கரம் தானேக்கா. எந்தப் பக்கம் போட்டாலும் உருளும்.

— அடப்பாவி. டேய், அடப்பாவி.

— என்னாச்சு?

— ரெண்டு கோன்ல ஒண்ணு அசையாது. அது வலது பக்கம் இருக்கணும். கையால சுத்தி இறுக்கற கோன் இடது பக்கம் வரணும். அந்தக் காலத்து முன் சக்கரத்துல அதைப் பிடிச்சு வைக்கத் தனியா நட்டு கிடையாதுடா. திருப்பிப் போட்டா அது வலது பக்கம் வந்துடும். சக்கரம் சுத்தச் சுத்த அதுவும் கூடவே சுத்தி உள்ள போகும். ஓட ஓட இறுகும். இறுகி இறுகி, ஒரு இடத்துல சக்கரம் அப்படியே நிக்கும்.

— எந்த இடத்துல?

— அதை என்னைக் கேக்கறியா? இறக்கத்துல நின்னா என்ன ஆகும்னு நீயே யோசி. முன் சக்கரம்டா அது!

— ஐயோ... அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா.

— தெரியாதவன் எதுக்குக் கை வச்ச? கூப்பிடு, கூப்பிட்டுக்கிட்டே இரு. மைக் பிடிச்சு ஆளுங்களை அனுப்பி வச்சாரே ஒருத்தர், அவர் நம்பர் இருக்கா?

— இருக்கு. பாக்கறேன்... பிஸின்னு வருது.

— ஸ்கூட்டரை எடு. குறுக்கு ரோட்ல போனா மேட்டுக்கு முன்னாடி பிடிச்சிடலாம்.

— ரெண்டு பக்கமும் தடுப்பு போட்டுட்டாங்கக்கா. சைக்கிளைத் தவிர எதையும் விட மாட்டாங்க. கடையில ஒரு சைக்கிள் எடுக்கட்டுமா?

— நீ மிதிச்சு அந்த மேட்டை ஏர்றதுக்குள்ள விடிஞ்சிடும். போன் போடு, போன். திரும்பத் திரும்பப் போடு.

— எடுக்க மாட்டேங்கறாளே... எடு கண்ணு, எடு. அக்கா, நான் வேணும்னு பண்ணலக்கா. அந்தச் சைக்கிளை நான் எப்படிப் பாத்துக்கறேன்னு உனக்கே தெரியும்.

— தெரியாம என்ன? பெல்லை அடிச்சுப் பாத்தாங்கறதுக்காகப் பெத்த பொண்ணை வாசல்ல முட்டி போட வச்ச மகராசனாச்சே நீ. பாவம், அந்தச் சுண்டெலி. அக்கம்பக்கம் எல்லாம் பாக்க, தலையைக் குனிஞ்சிக்கிட்டு...

— ஹேண்டில் பார்ல கீறல் போட்டுட்டாக்கா.

— கீறல்!

— உனக்கு அது புரியாது. அப்பா உனக்கு ஸ்பேனரைக் குடுத்தாரு. எனக்குத் துடைக்கிற துணியைக் குடுத்தாரு. நீ எதைத் தொட்டாலும் கெட்டிக்காரி. நான் தொட்டா, டேய் வைடா, உடைச்சிடாதடா. அவர் போனதுக்கப்புறம் அவர் தொட்டதுன்னு எனக்கு இருக்கறது அந்தச் சைக்கிள் ஒண்ணு தான். அதுல இருந்த கோன், அவர் மிதிச்ச மிதியில தேஞ்ச கோன். அதைப் போய் குப்பையில போடுன்னு சொல்ற. எரிஞ்சுதுக்கா எனக்கு.

— அது அவர் மிதிச்ச கோன் இல்லடா.

— என்ன?

— அவர் ஓட்டினது அவர் இருக்கும்போதே தேஞ்சு பழைய இரும்புக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை மாத்தியாச்சு. நீ பொத்திப் பொத்தி வச்சது, உன் கல்யாணத்துக்கு முந்தி நான் கடையில வாங்கிப் போட்டது. அவர் தான் என்னை மாத்தச் சொன்னாரு.

— பொய் சொல்ற.

— தேயறதுக்குத் தான் அதைப் பண்ணியிருக்காங்க. தேஞ்சா மாத்தணும். அவர் அதையெல்லாம் பாதுகாக்கவே இல்ல. சைக்கிளை அவர் ஓட்டினாரு, அவ்வளவு தான்.

— ஏன்க்கா என்கிட்ட சொல்லல?

— நீ கேட்டியா? பாலீஷ் போடறதுக்கே உனக்கு நேரம் பத்தல. இரு, சத்தம் போடாத. எடுத்துட்டா. ஹலோ! ஹலோ, எங்கடி இருக்க? இறங்கு! சைக்கிளை விட்டு இறங்கு!

— அம்மா... திட்டாதம்மா.

— விழுந்துட்டியா? அடி பட்டுச்சா?

— நான் விழல. எனக்கு ஒண்ணும் இல்ல. நான்... அப்ப நான் ஓட்டலம்மா.

— ஓட்டலையா? பின்ன யாரு ஓட்டினா?

— இறக்கத்துக்கு முன்னாடி தண்ணி குடிக்க நிறுத்தினாங்க. சுண்டெலி அங்க வந்து நின்னுட்டிருந்தா. ஒரே ஒரு தடவை குடுக்கான்னு கெஞ்சினா. வீட்ல தொடக்கூட விடமாட்டாங்கன்னு சொன்னா. பாவமா இருந்துச்சும்மா. சக்கரம் கொஞ்சம் இறுக்கமா சுத்துதுன்னு நான் சொல்லித்தான் குடுத்தேன். மாமா கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, கொன்னே போட்டுடுவாரு.

— அவன் இங்க தான் நிக்கறான். கேட்டுட்டு தான் இருக்கான்.

— சுண்டெலியா? அவ டியூஷனுக்குப் போயிருக்காளே! நான் தானே காலையில கொண்டு போய் விட்டேன்! எங்க அவ? என் பொண்ணு எங்க?

— இங்க தான் மாமா, என் மடியில. இறங்கப் போற நேரத்துல சக்கரம் டக்குன்னு பிடிச்சு நின்னுடுச்சு. அவளும் சைக்கிளும் ஒண்ணா சரிஞ்சுட்டாங்க. நல்லவேளை, அப்ப வேகம் எடுக்கல.

— அவளுக்கு என்ன ஆச்சு? சொல்லு!

— தலையில அடி இல்ல மாமா. கை தான். முழங்கைக்குக் கீழ எப்படியோ வளைஞ்சிருக்கு. ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்கு. இவ அழவே மாட்டேங்கறா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு அதையே சொல்லிட்டு இருக்கா.

— குடும்மா. அவகிட்ட குடு. கண்ணு! அப்பா பேசறேன். அப்பா இதோ வந்துட்டேன்டா தங்கம்.

— அப்பா... சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலப்பா. ஒரு கீறல் கூட விழல. கீழ படாம நான் கையைக் குடுத்துட்டேன்.