மாமியார் பெயரில் ஒரு மரம்

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கையெல்லாம் கரிசல் மண்.

"எங்க மாமியாவப் பிடுங்கிப் போடணுங்காவ, அக்கா" என்றாள் அவள்.

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"என்னட்டி சொல்லுத?" என்றாள் மூத்தவள்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கண்மாய்க்கரையில சீமைக்கருவேலத்த வெட்டிட்டு நாட்டு மரம் நடுதோம்லா. ஆளுக்கொரு கன்னு, வீட்டுல ஒருத்தர் பேர்ல. நான் மாமியா பேர்ல வேலங்கன்னு வச்சேன்."

"நல்லதுதான?"

"அது பட்டுப்போச்சு. குழிக்குப் போட்ட ஆட்டெருவுல சீமைக்கருவேல வெதை கெடந்திருக்கு. அது முளைச்சு இப்ப என் இடுப்பு உசரம் நிக்கி. மத்தவிய கன்னெல்லாம் முழங்காலத் தாண்டல. அதான் கூட நடுதவிய பிடுங்கச் சொல்லுதாவ."

"ஆடு அந்தக் காஞ்ச காய் நெத்தத்தான தின்னுது. எருவ மக்க வச்சுப் போடப்படாதா?"

"மழை வந்துட்டுன்னு அவசரம்."

"அப்ப பிடுங்கு."

"எப்படிப் பிடுங்க? மாமியா அதத்தான் நான் வச்ச வேலன்னு நெனச்சுக்கிட்டு, பூசை முடிஞ்சதும் பங்குச் சாமியாரையே கூட்டிட்டு வந்து காட்டுனாவ. 'எம்பேர்ல வச்சதுதான் எல்லாத்தையும் விடத் தெம்பா வருது'ன்னு ஒரே பெருமை. கல்யாணமாகி வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் என்னைய 'நல்ல பிள்ள'ன்னாவ."

மூத்தவள் அவள் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"இப்ப எங்கன இருந்து வார?"

"அங்கன இருந்துதான். பிடுங்கிருவோம்னு போனேன். பின்னாலேயே மாமியாவும் வந்து நின்னுட்டாவ."

"பிறகு?"

"ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு வாரேன்."