பதினெட்டாம் அத்தியாயத்துப் பாயசம்

மெதுவா சார், மெதுவா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவத்துப் பக்கமா சாஞ்சு இருங்க. உங்களைப் போன்ல கூப்பிட்ட ஆபீசர் வருவாவ, வராம எங்க போவாவ? புது ஹார்பர்ல இருந்து இங்கன வரணும்னா அத்தனை உப்பு லாரியையும் தாண்டணும்லா. அதுவரைக்கும் இதைத் தின்னுங்க.

என்னதுன்னு கேக்கீயளா? உங்களுக்கே தெரியலையா? நாகமுத்துத் தீவுன்னு வாராவாரம் தொடர்கதை எழுதுதது நீங்கதானே சார்? மூணாம் அத்தியாயத்துல இளவரசன் வேல்மாறன் வேட்டைக்குப் போயிட்டு வந்து பொற்தட்டுல வச்சு யாளித் தொடை வறுவல் தின்னாம்லா? அதான் இது.

பயப்படாதீய, வாழைக்காய்தான். தோலைச் சீவி, தொடை மாதிரி ஒரு பக்கம் பெருசா வெட்டி, முனையில விறகுச் சிராயைக் கழுவிச் செருகி, மிளகும் நெய்யும் தடவிப் புரட்டி எடுத்தேன். யாளிக்கு நான் எங்க போவேன்? கோயில் தூண்ல நிக்கதை உடைச்சா கொண்டு வர முடியும்? பொற்தட்டு எங்க அம்மா சீர் கொண்டு வந்த பித்தளைத் தாம்பாளம். புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என் நகம்தான் பொன்னாப் போச்சு.

ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. ஏழாம் அத்தியாயத்துல முத்துச்சிப்பிக் கறின்னு எழுதியிருக்கீய பாருங்க. நாகராணி கரண்டி கரண்டியா அள்ளிப் போடுதா, கரண்டிக்கு ஒரு முத்து வருது. சார், நீங்க முத்துக்குளிக்கிற கரையில ஒரு நாளாவது நின்னிருக்கீயளா? அதை இங்கன யாரும் திங்கமாட்டாவ. சிப்பியைக் கரையில குவிச்சு, அழுக விட்டு, ஈயும் புழுவும் தின்னு முடிச்ச பொறவு கழுவிக் கழுவித்தான் முத்தைப் பொறுக்குவாவ. பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவுக்கு அப்பா முத்துக்குளிச்சவுக. உங்க அத்தியாயத்தை அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். மாதாவே, ஏளா செண்பகம், அந்த நாத்தத்துல உக்காந்து திங்காளே, இந்த ராணிக்கு மூக்கை யாருளா அறுத்தாங்கன்னு கேக்கா. இப்படித்தான் சார் அவ பேசுவா, தோணி சங்கு ஊதுன மாதிரி. சிரிக்கீயளே! அவ கிட்ட போய்ச் சொல்லிராதீய.

அதனால நான் உங்க சமையலைத் திருத்திட்டேன். அவளே கொடுத்த பால்சுறாவை வேகவச்சு உதுத்து, காரம் போடாம புட்டாக்கி, ஜவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி வேகவச்சு ஒண்ணொண்ணா மேல பதிச்சேன். கரண்டிக்கு முத்து ஒண்ணில்ல, ஒம்போது.

எனக்கா? நான் எதுக்கு சார் இதெல்லாம் திங்கேன்? எனக்குச் சோறும் ஊளி மீன் குழம்பும் போதும். எல்லாம் என் தம்பிக்கு. தாணுலிங்கம். பதினோரு வயசு. முன்னறையில படுத்திருக்கான். இந்த அடுப்படியில பேசினா அங்கன கேக்காது, நீங்க பாட்டுக்குப் பேசுங்க.

டைபாய்டு சார். இருபத்தோரு நாள் காய்ச்சல். காய்ச்சல் எறங்கிட்டு, ஆனா சோத்தைப் பாத்தா மொகத்தைத் திருப்பிக்கிடுதான். அம்மா அழுதுட்டா. அப்பா கருப்பட்டி மண்டியை அடைச்சுட்டு வந்து, ஏலே தாணு, ஒரு வாய் தின்னுலே, சைக்கிள் வாங்கித் தாரேம்லேன்னு நிக்காவ. அப்பா குரல் இது, கவனிச்சீயளா, தொண்டைக்குள்ள கொஞ்சம் கருப்பட்டித் தூள் மாட்டுன மாதிரி இருக்கும். அவன் அசையலையே.

அப்பதான் எனக்கு உங்க கதை ஞாபகம் வந்துது. வேல்மாறன்னா அவனுக்கு உசுரு. கஞ்சியை நல்லா வடிகட்டி, வெள்ளைத் துணியைப் போட்டு மூடி எடுத்துட்டுப் போனேன். யாரங்கே! இளவரசருக்குச் சந்திரகாந்தக் கல்லில் கசிந்த பால் கொண்டு வருக! அது ராசா. இதோ, மகாராசா, கொதிக்கிறது மகாராசா! அது சமையக்காரன், மூக்கால பேசுவான். உங்க கதையில அவன் மூக்கால பேசலை, நானாச் சேத்துக்கிட்டேன். தம்பி சிரிச்சான் சார். சிரிச்ச வாய்க்குள்ள ஒரு கரண்டி ஊத்திட்டேன்.

அதுல இருந்து வாராவாரம் புத்தகம் வரும், பழைய அத்தியாயத்தையும் எடுத்து நான் வாசிப்பேன், அதுல என்ன திங்காங்களோ அதைச் செய்வேன். நாகக் குழல்னு எழுதுனீய, இடியாப்பத்தை மஞ்சள்தூள் போட்டுப் பிழிஞ்சேன். மயில் பொரியல்னு எழுதுனீய, உருளைக்கிழங்கை மசிச்சு மயில் மாதிரி பிடிச்சு, அவன் கணக்கு நோட்டுக்குள்ள குட்டி போடும்னு வச்சிருந்த மயிலிறகை எடுத்துச் செருகிட்டேன். அதுக்கு ஒரு சண்டை. சண்டை போட்டுக்கிட்டே மயிலு முழுசும் உள்ள போயிட்டு. கம்பவுண்டர் தேவபிரசாதம் வந்து தூக்கிப் பாத்துட்டு, வெரி குட், வெயிட் இம்ப்ரூவிங், என்ன டானிக் கொடுத்தீங்கன்னு கேட்டாரு. யாளித் தொடைன்னேன். அது எந்தக் கம்பெனிங்காரு.

இப்ப கதைக்கு வாரேன். பதினெட்டாம் அத்தியாயம். பட்டாபிஷேக விருந்து. பொற்கிண்ணத்துல பாயசம். வேல்மாறன் ஒரு வாய் குடிக்கான். கண்ணு சொருகுது, வாயில நுரை தள்ளுது, தடால்னு விழுதான். தொடரும். நல்லாத்தான் எழுதியிருந்தீய. அடுத்த வாரம் ஓடிப் போய்ப் புத்தகம் வாங்கினா, ஆசிரியருக்கு உடல்நலம் சரியில்லாததால் இவ்வாரம் தொடர்கதை வெளிவரவில்லைன்னு போட்டிருக்கு. அதுக்கு அடுத்த வாரமும் அதேதான். உங்களைப் பாத்தா உடம்புக்கு ஒண்ணும் தெரியலையே சார். வாழைக்காய் நாலு துண்டு உள்ள போயிட்டு.

தப்பா நினைக்காதீய, தின்னுங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்த இளவரசன் ரெண்டு வாரமா வாயில நுரையோட தரையில கிடக்கான். இவனும் வாயை மூடிட்டான். வேல்மாறன் எந்திரிக்கட்டும், நானும் திங்கேங்கான். பார்லித் தண்ணியும் பாலும் மட்டும் ரெண்டு மடக்கு எறங்குது. அதையும் நாங்க முதல்ல குடிச்சுக் காட்டணும். ஏத்துன வெயிட்டெல்லாம் போச்சு. திங்கக்கிழமைக்குள்ள வாய் திறக்கலைன்னா பாளையங்கோட்டைக்குக் கொண்டு போய் ஊசியிலதான் ஏத்தணும்னுட்டாரு கம்பவுண்டர். அதைச் சொல்லும்போது அவரு இங்கிலீஷ் பேசலை சார். அதான் எனக்குப் பயமாப் போச்சு.

நான் சும்மா இருப்பேனா? அரமனை வைத்தியரா வந்தேன். இளவரசே, நாடி பேசுகிறது, பச்சிலை பிழிந்தாயிற்றுன்னேன். அக்கா, வைத்தியருக்கு உன் கொலுசு சத்தம் கேக்குன்னுட்டான். கொலுசைக் கழட்டி வச்சுட்டு ரேடியோவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேன். செய்திகள். நாகமுத்துத் தீவு இளவரசர் வேல்மாறன் உயிர் பிழைத்துவிட்டதாக அரண்மனை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. அச்சு அசலா சார், பிலோமினா அக்காவே திரும்பிப் பாத்தா. இவன் படுத்த வாக்குலயே, அக்கா, ரேடியோ ஆஃப்லா இருக்குங்கான்.

மணி என்னவா? ரெண்டேகால் இருக்கும். ஆபீசரா? அவுக வரமாட்டாவ சார்.

அட, எந்திரிச்சிட்டீயளே! நாற்காலி சார், கால் ஆடும்னேம்லா. உக்காருங்க, சொல்லிருதேன். வணக்கம், துறைமுகத்திலிருந்து சிவசுப்பிரமணியன் பேசுகிறேன். ஐயாவின் எழுத்துக்கு எங்கள் ஆபீஸே அடிமை. அடுத்த கதைக்கு நேரில் வந்து கடலைப் பார்க்க வேண்டும், முதலில் என் வீட்டில் ஒரு வாய் சாப்பாடு. அதே குரல்தானே? அப்பா சாப்பிட வந்த நேரத்துல மண்டி போன்ல டிரங்க் கால் போட்டேன். நம்பர் உங்க புத்தகத்திலேயே இருந்துது. நீங்க சரி சரின்னு சொல்லுவீயன்னு நானே நினைக்கலை.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ராத்திரி வண்டிக்கு இன்னும் நேரம் கிடக்கு. திட்டி முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. வேல்மாறன் எப்ப எந்திரிக்கான்?

ஏன் சார் தாம்பாளத்தைத் தள்ளி வைக்கீய?

செத்துட்டானா?

எழுதியாச்சா? அச்சுக்கும் போயிட்டா? அடுத்த வாரம் அவன் தம்பிக்காரன் பட்டத்துக்கு வாரானா? சரி. உங்க இளவரசன், உங்க தீவு. ஊருக்கெல்லாம் அவன் செத்தே போவட்டும் சார், அதுல நான் தலையிடலை. புத்தகத்தை நான் ஒளிச்சுக்கிடுவேன். இந்த வீட்டுக்கு மட்டும் அவன் எந்திரிச்சிட்டான்னு நீங்க வந்து சொல்லணும். அம்புட்டுதான். அதுக்குத்தான் இத்தனை வாழைக்காயும்.

நானே சொல்லியிருப்பேன், உங்களை இம்புட்டுத் தூரம் இழுத்தடிச்சிருக்க மாட்டேன். நேத்து அவன் தலைமாட்டுல உக்காந்து, என் சொந்தக் குரல்லதான் சார், லேய் தாணு, அவன் நிசமாவே எந்திரிச்சிட்டாம்லேன்னு சொன்னேன். என்னையே பாத்துட்டு, இது யாரு குரலுக்கா, நல்லாயிருக்கேன்னு கேட்டான்.

வாரீயளா? நிசமாவா? இந்தாங்க, கிண்ணத்தை நீங்களே பிடிங்க. பாயசம் இல்ல, கஞ்சிதான், கொஞ்சம் உப்பு போட்டிருக்கேன். அவன் முன்னால மொதல்ல நீங்க ஒரு வாய் குடிச்சிருங்க. அந்தக் கதவுதான், தள்ளினா திறக்கும். நான் வரலை சார், இங்கனயே நிக்கேன். நான் பக்கத்துல நின்னா, நீங்க வாயை மட்டும் அசைக்கீய, நாந்தான் பேசுதேன்னு நினைச்சிருவான்.