கூடும் இடம்

நீங்கள் எழுதுகிற வேகத்துக்கே நான் பேசுகிறேன், சார். அது எனக்குப் பழக்கம்தான். வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அதைத்தான் செய்துவந்தேன். நாலு வாக்கியம் சொல்வேன், நிறுத்துவேன், எதிரில் இருப்பவர் வந்து சேர்ந்துவிட்டாரா என்று முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் ஐந்தாவது. கல்யாணத்துக்குப் புறப்பட்ட வீட்டில் முதலில் கிளம்பியவன் செருப்பையும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பானே, அப்படித்தான் போயிற்று என் உத்தியோகம் முழுக்க.

பெயர் நாகேந்திரன். கடலாடிக்குத் தெற்கே ஒரு கிராமம். என்னைப் பெற்ற அய்யா வயலில் மிளகாய் போட்டவர். என்னைப் படிக்க வைத்தது ஸ்காலர்ஷிப்தான், அவருக்குச் செலவில்லை. உச்சிப்புளி தாண்டி வடகடல் ஓரமாக இருக்கிற இறால் கம்பெனியில் பராமரிப்பு எஞ்சினியர். அங்கே நடந்தது விபத்து என்றும், துருப்பிடித்த வால்வும் மேனேஜர் வேல்ராஜின் அலட்சியமும்தான் காரணம் என்றும் நீங்கள் முடிவு செய்திருப்பதாகப் பேப்பரில் படித்தேன். வேல்ராஜைக் கைது செய்திருக்கிறீர்கள். அந்த முடிவு தப்பு. தப்பான ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்குமே வராது. அதனால்தான் காலையில் பஸ் ஏறி வந்தேன்.

இதற்கு முன்னால் சென்னையில் இருந்தேன், ஓசூரில் இருந்தேன், தூத்துக்குடியில் இருந்தேன். வேலை தெரியாதவன் என்று யாரும் என்னை அனுப்பவில்லை. ஒரு வாரத்துக்கென்று கொடுத்த வேலை செவ்வாய்க்கிழமையே முடிந்துவிடும். முடிந்தது என்று சொன்னால் பக்கத்து மேசைக்காரர்களுக்கு ஆகாது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வரை வேலை செய்கிற மாதிரி நடிக்க வேண்டும். வேலையைவிட அந்த நடிப்புத்தான் ஆளைத் தின்றது. ஓசூரில் ஒரு மேலதிகாரி நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “நீங்க சொல்றது கரெக்ட்தான் நாகேந்திரன். ஆனா நீங்க கரெக்டா இருக்குற விதம் சரியில்ல” என்றார். அதற்கு என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஊர்ப்பக்கமே போய்விடலாம், ஐஸ் மெஷினும் பம்ப்பும் என்னிடம் விதம் பார்க்காது என்று நினைத்துத்தான் இங்கே வந்தேன்.

இங்கே வேறு விதமாக ஆயிற்று. சேர்ந்த புதிதில் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, இந்த பேரிங் வெள்ளிக்கிழமை தாண்டாது என்று சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அது போயிற்று. அவ்வளவு இறாலும் வீண். சொன்னானே என்று யாராவது ஒருவர் நினைப்பார்கள் என்று காத்திருந்தேன். வேல்ராஜ் டீ கிளாஸோடு என் அருகே வந்து, “உங்க வாய்ல என்ன சார் இருக்கு? வாய வச்சீக, போயிருச்சு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கப்புறம் பம்ப் ஒன்றைச் சொன்னேன், அதுவும் போயிற்று. ஒரு மாதத்துக்குள் எனக்குக் கருநாக்கு என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. மெஷின் ரூமில் நான் நுழைந்தாலே ஆபரேட்டர் கூத்தையா கையெடுத்துக் கும்பிட்டு, “ஒண்ணும் சொல்லிராதீக சார்” என்பார். ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் வைக்கும்போது என்னை மட்டும் வெளியே நிற்கச் சொன்னார்கள். அறிவு என்று ஒன்று இருக்கிறது, அது பார்த்துத்தான் சொல்கிறது, சொன்னதால் நடப்பதில்லை என்று படித்த மேனேஜருக்கே விளங்க வைக்க முடியவில்லை என்றால் வேறு யாருக்கு விளங்க வைப்பது?

இவர்களோடு பூமயில் அக்காவை நான் சேர்த்துச் சொல்லவில்லை. அவர் இறால் உரிக்கிற பெண்களில் மூத்தவர். எங்கள் ஊர்ப்பக்கம்தான், வயல் காய்ந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவர். அவருக்கு மட்டும் என் நாக்கின்மேல் பயம் கிடையாது. காலையில் என்னைப் பார்த்ததும், “என்ன தம்பி, இன்னைக்கு எது படுக்கப் போகுது?” என்று கேட்பார். நான் சொல்வேன். “அப்ப அதுக்குப் பக்கத்துல நான் நிக்கல” என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே நிற்க மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளி மூடியில் மொச்சைக் குழம்பு ஊற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். மகள் ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்கிறாள், அவளுக்கும் உங்களை மாதிரி மூளை தம்பி, ஆனா உங்களை மாதிரி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்கமாட்டா என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சொன்னால்தான் மீதி உங்களுக்குப் புரியும். வடக்கே கடல். கடலை ஒட்டி இறால் உரிக்கிற ஹால். அதற்குத் தெற்கே மெஷின் ரூம், அங்கேதான் குளிரூட்டுகிற அமோனியா இருக்கிறது. அதற்கும் தெற்கே முற்றம், கேட், ரோடு. அமோனியா கசிந்தால் சங்கு ஊதும், எல்லோரும் கேட்டுக்கு ஓடி வந்து நிற்க வேண்டும். ‘கூடும் இடம்’ என்று அங்கே பச்சை போர்டு வைத்திருக்கிறார்கள். தெற்கேயிருந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் அது சரி, வாயு கடல் பக்கம் போய்விடும். வடக்கேயிருந்து வாடை அடிக்கும்போது வாயு முழுக்க நேராகக் கேட்டுக்குத்தான் வரும். கார்த்திகையிலிருந்து தை வரை கேட்டுக்கு ஓடுகிறவன் வாயுவுக்குள்தான் ஓடுகிறான். அந்த மாதங்களில் கடல்பக்கக் கதவைத் திறந்து வைத்து மணலில் கூட வேண்டும். இதில் அறிவாளித்தனம் ஒன்றும் கிடையாது. வல்லம் ஏறிக் கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் காற்று மாறினால் வழி மாறும் என்று சொல்வார்கள்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். வேல்ராஜ், “காத்துக்கு ஒரு போர்டு, மழைக்கு ஒரு போர்டா சார்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டில்தான் வேன் நிற்கும், கேட்டில்தான் தலை எண்ண முடியும் என்று முடித்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் படம் வரைந்து காட்டினேன். அதற்கடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறக்கும்போதே அவர் கையமர்த்தி, “வேணாம் சார். நீங்க சொன்னா நடந்துரும்” என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் பயந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குள் ஏதோ உட்கார்ந்துவிட்டது, சார். கோபம் என்று எழுத வேண்டாம். கோபத்துக்குத் தெம்பு வேண்டும். எனக்குக் களைப்பாக இருந்தது.

கார்த்திகையில் ஒத்திகை வைத்தார்கள். சங்கு ஊதியது, எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். பூமயில் அக்கா மட்டும் காற்றை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, சாவகாசமாகக் கடல்பக்கக் கதவைத் திறந்து மணலில் போய் நின்றார். வேல்ராஜ் தலை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று கத்தி, அவரைக் கூட்டி வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் ஏசி, அன்றைக்கு ஆப்சென்ட் போட்டார். “தம்பி சொன்னாகல்ல, வாடைக்கு இங்கனதான் வரணும்னு” என்றார் அக்கா. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்ன ஒன்றை ஒரு ஆள் செய்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

தை மாதம் வெளிநாட்டு வியாபாரிகள் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட வேல்ராஜ் ஒரு பாதுகாப்புத் திட்டம் தயார் செய்திருந்தார். திறந்து பார்த்தால் முழுக்க என்னுடையது, என் படங்கள்கூட அப்படியே இருந்தன. காற்றைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட்டார். மேலே அவர் பெயர். பெயர் போனது பெரிதில்லை, எனக்கு அது பழகிப்போனது. ஆனால் சரியான ஒன்றிலிருந்து சரியான பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதற்கு ஒரு திறமை வேண்டும் இல்லையா? அதை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தேன்.

விளக்கினால் புரியாதவர்களுக்குக் காட்டினால் புரியும் என்று முடிவு செய்தேன். கொஞ்சம் கண் எரிய வேண்டும், கொஞ்சம் இரும வேண்டும், கேட்டில் நின்றுகொண்டு ஏன் இங்கே வந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது. நான் சொன்னால் நடக்கும் என்றார்கள். ஒரே ஒரு தடவை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பொங்கல் முடிந்து வேலைக்கு வந்த முதல் வாரம். நல்ல வாடை. கூத்தையா டீ குடிக்கப் போனதும் மெஷின் ரூமுக்குள் போய் வால்வைத் திறந்தேன். வாயுவைத் தடுக்கிற முகக்கவசம் போட்டிருந்தேன். எல்லோருக்கும் வாங்க வேண்டும் என்று நான் கேட்டு, கடைசியில் ஒன்று மட்டும் வாங்கித் தந்தார்கள், அதுதான். கொஞ்சம் திறந்து, மூடிவிட்டு, மாடியில் என் அறைக்குப் போய்ச் சங்குப் பட்டனை அழுத்துவதாகத் திட்டம். வால்வு மூடவில்லை.

அந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். மூடாததுதான் விபத்து என்று எழுதப் போகிறீர்கள். வேண்டாம். அந்த வால்வைத் திறந்தால் மறுபடி மூடாது, மாற்றுங்கள் என்று போன வருடம் சொன்னவனே நான்தான். எனக்குத் தெரியாதது அந்தக் கம்பெனியில் ஒன்றும் கிடையாது.

மாடிக்கு ஏறினேன். என் அறை ஹாலுக்கு மேலே, காற்று வருகிற பக்கம். பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கடல்பக்கக் கதவும் தெரியும், முற்றமும் தெரியும். சங்கை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் நின்றேன். ஒரு விஷயம் அப்போது தோன்றியது. சங்கை அழுத்தாமல் விட்டால் ஹாலில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வாயு தெற்கே போய்க்கொண்டிருக்கிறது, அவர்கள் வடக்கே இருக்கிறார்கள். மேசையிலேயே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருக்கலாம். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. விதிப்படி, கசிந்தால் சங்கு ஊத வேண்டும். ஊதினேன்.

ஓடினார்கள். மெஷின் ரூமைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும், அதையும் நான் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். முற்றத்தில் முதலில் விழுந்தவர்களைத் தாண்டிப் பின்னால் வந்தவர்கள் ஓடினார்கள். வேன் டிரைவர் முஹைதீன் கைலியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து வந்து ஆட்களை இழுத்துப் போனார். அவர் இல்லாவிட்டால் சாவு மூன்று பேரோடு நின்றிருக்காது. வேல்ராஜ் கேட்டில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது கண் தெரியவில்லை என்கிறார்கள். காற்று மாறினால் கூடும் இடமும் மாற வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த மூன்று பேரில் ஒருவரான பூமயில் அக்காவைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவர் அன்று காலையில் என்னிடம் வந்தார். கார்த்திகையில் வாங்கிய ஏச்சு அவருக்கு மறக்கவில்லை. “தம்பி, வாடை இந்தப் போடு போடுதே, சங்கு ஊதுனா எங்கிட்டுத்தான் போறது? கடல் பக்கம் போனா ஏசுறாக. நீங்களே சொல்லுங்க, நீங்க சொல்றபடி போறேன்” என்றார். நான், “கேட்டுக்குப் போங்கக்கா. போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு” என்றேன். போர்டில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

அதற்கும் காரணம் இருக்கிறது. அவர் கடல் பக்கம் போனால் அவர் பின்னால் பாதிப் பெண்கள் போய்விடுவார்கள். பாதிப் பேர் மணலில் பத்திரமாக நின்றால், வேல்ராஜ் அதை வேறு விதமாகச் சொல்லிவிடுவார். நான் மறுபடி கூட்டத்தில் உட்கார்ந்து, படம் வரைந்து, முதலிலிருந்து விளக்க வேண்டும். என்னால் இனிமேல் முடியாது, சார்.

மீதி நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சங்கு ஊதியதும் பூமயில் அக்கா கேட் பக்கம் ஓடவில்லை. காலையில் நான் சொன்னது அவர் மனசுக்கு ஒட்டவில்லை போல. கடல்பக்கக் கதவு வரை போனார், திறந்தார், ஒரு காலை மணலில் வைத்தார். பிறகு நின்று, திரும்பி, மாடியில் என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். எங்கிட்டு என்று கையால் கேட்டார்.

நான் கேட் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடினார். அந்தக் கம்பெனியில் நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான், சார்.